ஒரு மாதிரி என்றால் ஒரு ரவுண்டு

பஸ் டிப்போவில் அவரை ரவுண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அது உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டு முதல் வாரம் முழுக்கக் கூப்பிடத் தயங்குவார்கள். அக்காவே பார்த்துவிட்டு, "அதுக்கும் பொருத்தம்தான், இதுக்கும் பொருத்தம்தான், சும்மா கூப்பிடுங்க" என்பார். இது என்றால் வேலை. டிப்போ ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளைச் சோதித்து வெளியே அனுப்பும் பொறுப்பு அவருடையது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, மேஜைமேல் குறைப் புத்தகம், சுவரில் வண்டிச் சாவிகள் தொங்கும் பலகை. ராஜ்ஜியம் இவ்வளவுதான். ஆனால் ஐம்பத்திரண்டு வயது அக்காவின் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டி அந்தக் கேட்டைத் தாண்டாது. மேனேஜரே வந்து நின்றாலும் தாண்டாது.

ஷிஃப்ட் முடிந்து வரும் டிரைவர்கள் தங்கள் வண்டி அன்றைக்கு எப்படி ஓடியது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். 'கிளட்ச் கடினம்.' 'இடது கண்ணாடி ஆடுகிறது.' 'வைப்பர் வேலை செய்யவில்லை.' இப்படி எழுதினால் அக்கா மெக்கானிக்குகளுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புவதோடு சரி, நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஆனால் யாராவது 'வண்டி ஒரு மாதிரி இருக்கிறது' என்று எழுதிவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். எழுதிய ஆள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாலும் விட மாட்டார். எப்போது, எங்கே, ஏற்றத்திலா இறக்கத்திலா, கூட்டம் இருக்கும்போதா காலியாகவா என்று குடைந்து எடுப்பார்.

பாவம், அந்த மனுஷனுக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு மாதிரி என்று ஏன் எழுதப்போகிறார்? ஆனால் வாய் தடுமாறும்போது கையும் காலும் பேசிவிடும் என்பது அக்காவுக்குத் தெரியும். சொல்லும்போது இரண்டு கையும் காற்றில் லேசாக ஆடினால் ஸ்டியரிங். வலது கால் தரையை அமுக்கினால் பிரேக். மூக்கைச் சுருக்கினால் எங்கேயோ ஒயர் சூடாகிறது. தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னால் பின்னால் ஆக்ஸிலில் ஏதோ இருக்கிறது. இதையெல்லாம் பார்த்து முடித்ததும், "வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்" என்று சாவியை எடுப்பார். டிரைவர் ஓட்ட, அக்கா பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேம்பாலம் ஏறி இறங்கி, பள்ளிக்கூடத் தெருவின் வேகத்தடைகளைத் தாண்டி, கால் மணி நேரத்தில் திரும்புவார்கள். பெரும்பாலும் அதற்குள் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சில வண்டிகளில் ஒன்றுமே இருக்காது. பதினேழாம் நம்பர் வண்டி காலையில் முதல் கியருக்கு ஒரு முனகல் முனகிவிட்டுத்தான் நகரும். பத்து வருஷமாக முனகிக்கொண்டிருக்கிறது, பத்து வருஷமாக ஓடிக்கொண்டுமிருக்கிறது. அது அதன் சுபாவம். அந்த மாதிரி வண்டிக்கு அக்கா எழுதும் வாசகம் எப்போதும் ஒன்றுதான்: 'ஒரு மாதிரிதான். ஓட்டிப் பார்த்தேன். கோளாறு இல்லை. வெளியே விடலாம்.'

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததல்ல. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அக்கா வெறும் மெக்கானிக்காக இருந்த காலத்தில், ஒரு டிரைவர் 'ஸ்டியரிங் ஒரு மாதிரி' என்று எழுதினார். அன்றைக்கு இருந்த சூப்பர்வைசர் அவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, ஒரு மாதிரி என்றால் என்னய்யா, பள்ளிக்கூடம் போனாயா இல்லையா, ஒழுங்காக எழுது என்று வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். டிரைவர் கூனிக் குறுகி அதை அடித்துவிட்டு 'சரி' என்று எழுதினார். மூன்றாம் நாள் முன்சக்கரத்து நட்டுகள் கழன்று, வண்டி ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரில் ஏறி நின்றது. யாரும் சாகவில்லை. ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது. அன்றைக்கு அக்கா புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். அடித்த கோட்டுக்கு அடியில் அந்த எழுத்துகளை நன்றாகவே படிக்க முடிந்தது.

பொறுப்பு தன் கைக்கு வந்த முதல் நாளே ஒரு தகரப் பலகை வாங்கி, வெள்ளைப் பெயிண்டில் தானே எழுதினார்: 'ஒரு மாதிரி என்று எழுத வெட்கப்படாதீர்கள். ஒரு மாதிரி என்றால் வண்டி நிற்கும். சிரிக்கிறவர் என்னிடம் வரவும்.' அதை டீ ரூம் சுவரில், பாய்லருக்கு நேர் எதிரே மாட்டினார். டீ குடிக்க வராத டிரைவர் உலகத்தில் உண்டா? எல்லார் கண்ணிலும் படட்டும் என்பதுதான் எண்ணம்.

வீட்டிலும் இந்தச் சொல்லை அவர் சும்மா விட்டதில்லை. பால் ஒரு மாதிரி வாசனை வருகிறது என்று கணவர் சொன்னால், பாத்திரத்தை மூக்கடியில் பிடித்துக்கொண்டு புளிப்பா புகையா என்று விசாரணை நடக்கும். கல்லூரிக்குப் போகும் மகள் உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தால், நெற்றியில் கை வைப்பதற்கு முன்னாலேயே இன்றைக்கு எந்தப் பாடத்தில் பரீட்சை என்று கேள்வி வரும். இந்த வீட்டில் நிம்மதியாக ஒரு மாதிரி இருக்கக்கூட முடியவில்லை என்று மகள் அலுத்துக்கொள்வாள். அக்காவுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமைதான். வானம், வயிறு, வண்டி, பக்கத்து வீட்டுக்காரர் முகம் என்று ஜனங்கள் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லிவிட்டு மறந்துபோகிற ஒரு சொல்லைத் தான் ஒருத்திதான் காது கொடுத்துக் கேட்கிறேன் என்று நினைத்திருந்தார். அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

புது டிரைவர் வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நாற்பது வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர், அதற்கு முன் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருந்தவர். ஆறு மாதம் தற்காலிகம், அதன்பிறகு தலைமை அலுவலகம் சரி என்றால்தான் நிரந்தரம். ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. வண்டியில் ஒரு கீறல் இல்லை, பயணிகளிடமிருந்து ஒரு புகார் இல்லை. ஆனால் மனுஷன் யாரோடும் ஒட்டவில்லை. டீ ரூம் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. மற்ற டிரைவர்கள் நேராகத் தங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகுவார்கள் என்றால், இவர் பின்வாசல் வழியாக ஏறுவார். காலி பஸ்ஸில் கடைசி வரிசையில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுத்தான் முன்னால் போவார். மத்தியானச் சாப்பாட்டையும் பஸ்ஸுக்குள்ளேயே சாப்பிடுவார். அதுவும் இன்றைக்கு உட்கார்ந்த சீட்டில் நாளைக்கு உட்கார மாட்டார். போதாததற்கு, ஓட்டும்போது தனக்குத்தானே ஏதோ முணுமுணுக்கிறார் என்று ஒரு பேச்சு. சீட்டு சீட்டாகப் போய் நலம் விசாரிக்கிறார், பஸ்ஸுக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கிறார் என்று டீ ரூமில் ஆளுக்கு ஒன்று அளந்துவிட்டார்கள்.

அக்காவுக்கு இதெல்லாம் பெரிதில்லை. கண்ணில் உறுத்தியது குறைப் புத்தகம். ஐந்து மாதமாக அதில் அந்த ஆள் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்தான்: 'சரி.' எந்த வண்டியைக் கொடுத்தாலும் சரி. அடை மழையில் ஓட்டிவிட்டு வந்த அன்றும் சரி. பதினேழாம் நம்பரைக் கொடுத்த அன்றும்கூடச் சரி. அது எப்படி ஐயா ஐந்து மாதம் ஒரு வண்டியும் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்? ஒன்று இந்த ஆளுக்கு வண்டி தெரியவில்லை, இல்லை தெரிந்தும் மறைக்கிறார். இரண்டுமே அக்காவுக்குப் பிடிக்காத விஷயம். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அக்கா ஒரு வண்டியின் என்ஜின் மூடியைத் திறந்து முழங்கை வரை கிரீஸோடு நின்றபோது மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். வந்து இரண்டு வருஷமான மேனேஜர், நல்ல மனிதர், அக்காவின் வார்த்தைக்கு மதிப்பு கொடுக்கிறவர். புது டிரைவர் எப்படி என்று போகிற போக்கில் கேட்டார். அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஆளு ஒரு மாதிரி சார்." அவ்வளவுதான். மேனேஜர் போய்விட்டார். அக்காவும் ஸ்பேனரைத் தேடுகிற அவசரத்தில் கேட்டதையும் சொன்னதையும் மறந்துபோனார்.

புதன்கிழமை காலையில் வந்து பார்த்தால் புது டிரைவர் கழுவுமிடத்தில் தண்ணீர்க் குழாயோடு நின்று வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். டியூட்டிப் பட்டியலில் அவர் பெயர்மேல் கோடு போட்டிருந்தது. உடம்பு சரியில்லை என்று கோடு போட்டிருந்தால் கழுவ விட மாட்டார்களே, என்ன விஷயம் என்று அக்கா மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் புன்சிரிப்போடு ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய அறிக்கை. அதில் எழுதியிருந்தது: 'விசித்திரமான நடத்தை உடையவர். இவர் பணியில் தொடர்வது உகந்ததல்ல என ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் கருதுகிறார்.'

அக்கா இரண்டு தடவை படித்தார். வாயில் வந்தபோது வீட்டு உடுப்பில் இருந்த சொல், தாளில் ஏறியதும் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"நான் இந்த வார்த்தையச் சொல்லவே இல்லையே சார்."

"நீங்க சொன்னதுதான் அக்கா. ஒரு மாதிரின்னு ஆபீஸ் பேப்பர்ல எழுத முடியுமா? கொஞ்சம் மரியாதையா எழுதினேன்."

தொடர்வது உகந்ததல்ல என்று தான் எப்போது கருதினேன் என்று அக்கா கேட்டார். மேனேஜர் உண்மையிலேயே குழம்பிப்போனார்.

"ஒரு மாதிரின்னு சொன்னா வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. நீங்க போட்ட ரூல்தானே அக்கா இது? இந்த ரெண்டு வருஷத்துல நான் ஒரு தடவையாவது மீறியிருக்கேனா?"

மீறியதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அக்காவுக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. டீ ரூமில் முப்பது பேர் அந்த ஆளைப் பற்றி இதே சொல்லை ஐந்து மாதமாகச் சொல்கிறார்கள், அதனால் ஒரு காசுக்குப் பிரயோஜனமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அக்கா வாயால் ஒரே ஒரு தடவை சொன்னது வேலைக்கே உலை வைத்துவிட்டது. பதினைந்து வருஷம் பாடுபட்டு ஒரு சொல்லுக்கு எடை ஏற்றியது தான்தான், அதைத் தூக்கி ஒரு மனுஷன் தலையில் போட்டதும் தான்தான் என்று நினைக்க நினைக்க அவருக்கு அவமானமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே கணவரின் கடைக்குப் போனார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். அக்காவுக்குத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரு புதுக் கண்ணாடி அன்றைக்குத் தயாராகியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நாலடி நடந்ததும் அக்கா நின்றார். தரை ஒரு மாதிரி எழும்பி வருகிறது என்றார். கணவர் சிரித்தார்.

"ஒரு நாளைக்கு இருபது பேர் இதையேதான் சொல்றாங்க. கண்ணாடியில தப்பு இருந்தா தலை வலிக்குதுன்னு சொல்லுவாங்க. சரியான கண்ணாடிக்குத்தான் முதல்ல ஒரு மாதிரி இருக்கும். போட்டுக்கிட்டு ரெண்டு நாள் நடக்கணும்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். கணவர் லென்ஸ் துடைக்கும் துணியை மடித்துக்கொண்டே, "எங்க அக்கா உன்னை என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மறக்கிற விஷயமா அது? இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பேச்சு நடந்தபோது, கணவரின் அக்கா, இப்போதைய நாத்தனார், பெண் பார்க்க வீட்டுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துப் பெண் தெருவில் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைக் குடைந்துகொண்டிருந்தது. கறுத்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தவள், வாங்க என்று சொல்வதற்கு முன்னால், நீங்கள் வந்த கார் சைலன்சரில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சொன்னது மூன்றே வார்த்தை, பொண்ணு ஒரு மாதிரி. எந்த மாதிரி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பேச்சு எட்டு மாதம் அப்படியே நின்றுபோயிற்று. அந்த எட்டு மாதம் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் தான் தவித்தது அக்காவுக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருந்தது.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையே அவள் வேலை செய்த ஷெட்டுக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி ஒரு மாதிரி ஓடுகிறது என்றார். அவள் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, கோளாறு ஒன்றும் இல்லையே என்றாள். இல்லைதான், உங்களைத்தான் பார்க்க வந்தேன் என்றார் அவர். அடுத்த மாதம் கல்யாணம். நாத்தனாரும் மாறிவிட்டார். இப்போது அதே வாயால், என் தம்பி பெண்டாட்டி ஒரு மாதிரி, எந்த மெஷினைக் கொடுத்தாலும் கழற்றி மாட்டிவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கடையில் வேறு ஆள் இல்லை. அக்காவுக்கு அழுகை வந்தது, அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நாளைக்கு நான் ஒரு ரவுண்டு போகணும்" என்றார். கணவர் கடையைப் பூட்டச் சாவியை எடுத்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நேற்றைய தளர்ச்சி எல்லாம் போய்விட்டது. ரூலை நீங்கள் பாதிதான் கடைப்பிடித்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். ஒரு மாதிரி என்றால் நிறுத்த வேண்டும், வாஸ்தவம். நிறுத்தியபிறகு நான் கூடப் போய்ப் பார்த்து எழுத வேண்டும், அது எங்கே? பார்க்காமல் எந்த வண்டியையாவது நான் பழைய இரும்புக்கு அனுப்பியிருக்கிறேனா? கடைசியில் மேனேஜர், இன்றைக்குப் பத்து மணி டிரிப்பை அந்த டிரைவரே ஓட்டட்டும், அக்கா கூடப் போகட்டும், நாளைக்கு மத்தியானத்துக்குள் எழுதியது கைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் அறிக்கை இருக்கிறபடி போய்விடும் என்று சம்மதித்தார்.

கழுவுமிடத்துக்குப் போய்ப் புது டிரைவரிடம் விஷயத்தைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"உங்களை ஒரு மாதிரின்னு மேனேஜர்கிட்ட சொன்னது நான்தான். பார்க்காம கேட்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடது. இப்ப ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துட்டு எழுதணும், வாங்க."

அவர் குழாயைத் திருகி மூடினார். சொன்னது யார் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான் வண்டி இல்லையே மேடம்."

"இல்லதான். அதான் முதல்லயே பார்த்திருக்கணும்."

பத்து மணிக்கு அக்கா பின்வாசல் வழியாக ஏறிக் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். டிரைவரும் வழக்கம்போலப் பின்னால் ஏறினார். அக்காவைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கிவிட்டு, இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் கழித்து எழுந்து முன்னால் போனார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ரவுண்டில் முதலில் பேசக் கூடாது என்பது அவர் வழக்கம்.

மூன்று ஸ்டாப்பில் வண்டி நிறைந்தது. வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கையில் பையும் மடியில் குழந்தையுமாக ஒரு அம்மா. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கியர் சுத்தமாக விழுந்தது, பிரேக் உறுத்தவில்லை. தண்ணீர்த்தொட்டி வளைவு வந்தபோதுதான் அதைப் பார்த்தார். வண்டி திரும்புவதற்கு முன்னாலேயே முதல் வரிசையில் இருந்த பெரியவர் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தார். அவரைப் பார்த்து இரண்டாம் வரிசை பிடித்தது. பிறகு மூன்றாம் வரிசை, நான்காம் வரிசை. குழந்தை வைத்திருந்த அம்மா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். கைகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டே வந்து கடைசி வரிசையை எட்டியபோது அக்காவின் பக்கத்தில் இருந்தவரும் கம்பியைப் பிடித்திருந்தார். அதன்பிறகுதான் வண்டி வளைந்தது. ஒருத்தரும் ஆடவில்லை. பிடிக்காமல் இருந்த அக்கா மட்டும் ஜன்னலில் போய் இடித்துக்கொண்டார்.

அடுத்த வளைவுக்குள் முன்னால் போய் நின்றுகொண்டார். அப்போதுதான் அந்த முணுமுணுப்பு காதில் விழுந்தது. வளைவுக்குப் பத்தடி முன்னால் டிரைவர், பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும்படியாக, "பிடிச்சுக்கோங்க" என்றார். வேகத்தடைக்கு முன்னால், "பிடிச்சுக்கோங்க." மேம்பாலத்து இணைப்பு வருமுன், "பிடிச்சுக்கோங்க." இதைத்தான் டீ ரூமில் கதை சொல்கிறார் என்றார்கள்.

கடைசி ஸ்டாப்பில் வண்டி காலியான பிறகு அக்கா தன் கேள்விகளை ஆரம்பித்தார். முதலில் பிடிகொடுக்காமல் நழுவியவர், மெல்ல மெல்லப் பேசினார். பேசும்போது அக்கா வழக்கம்போல அவர் கையைத்தான் பார்த்தார். கை தன் சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற சீட்டுகளையே காட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டிக் கம்பெனிக்குப் பதினோரு வருஷம் பஸ்லதான் போனேன் மேடம். நான் ஏறும்போது கடைசி சீட்டுதான் மிச்சம் இருக்கும். குழியில விட்டா மேல போய் இடிச்சுட்டு வருவேன். ஓட்டுறவருக்கு அவர் சீட்டு மட்டும்தான் தெரியும். அதான் ஒவ்வொரு சீட்லயும் உட்கார்ந்து பார்க்கறேன். பிடிச்சுக்கோங்கன்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்களான்னு அப்ப இருக்கும். இப்ப நானே சொல்றேன், ஆனா சத்தமா சொல்ல கூச்சமா இருக்கு."

டீ ரூமுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டதற்கு, கூட்டத்தில் தனக்குப் பேச வராது என்றார். அதற்குமேல் அதற்கு ஒரு காரணமும் இல்லை. அக்கா கடைசியாக, மனதை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு வந்தார். ஐந்து மாதமாகச் சரி, சரி என்று எழுதினீர்களே, எந்த வண்டியிலும் ஒரு குறையும் இல்லையா?

"வேலை கத்துக்கிட்ட இடத்துல ஒரு தடவை எழுதினேன். நாலாவது வரிசையில உட்கார்ந்தா வண்டி ஒரு மாதிரி இருக்குன்னு. டிரைவருக்கு நாலாவது வரிசையில என்ன வேலைன்னு ரெண்டு மாசம் சிரிச்சாங்க. அதோட விட்டுட்டேன்."

அக்கா கொஞ்சம் சூடாகவே கேட்டார், அத்தனை பெரிய பலகை மாட்டியிருக்கிறேனே, பார்க்கவில்லையா என்று. அவர் எந்தப் பலகை என்று கேட்டார். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. பலகை டீ ரூமில் இருக்கிறது. வெட்கப்படாதே என்று சொல்லும் பலகையை, கூட்டத்துக்குக் கூச்சப்படுகிறவன் கால் வைக்கவே முடியாத இடமாகப் பார்த்து மாட்டிவைத்தது யார்? தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு குறையும் கண்டுபிடித்தார். சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தபோது, ஹாரன் அடிப்பதற்கு டிரைவர் ஒரு கணம் யோசித்தார். கூச்சம் அங்கேயும் கை வைக்கிறது. ஹாரனுக்கெல்லாம் வெட்கம் பார்க்கக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னார். அவர் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா மேனேஜர் அறையில் உட்கார்ந்து, அறிக்கையில் தன் பேரால் எழுதியிருந்த இரண்டு வரிகளையும் கோடு போட்டு அடித்தார். அடியில் இருப்பது படிக்க முடிகிற மாதிரிதான் அடித்தார். கீழே தன் கையெழுத்தில் எழுதினார்: 'ஆள் ஒரு மாதிரிதான். ஒரு ரவுண்டு போய்ப் பார்த்தேன். ஹாரன் அடிக்கத் தயங்குகிறார், சொல்லியிருக்கிறேன். வேறு கோளாறு இல்லை. வெளியே விடலாம்.' கீழே அவர் ஓட்டிய விதத்தையும், கைகள் வரிசையாக ஏறியதையும் பத்து வரியில் விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தலைமை அலுவலகத்தில் இதைப் படித்தால் சிரிப்பார்களே என்றார்.

"சிரிக்கிறவங்கள என்கிட்ட வரச் சொல்லுங்க சார்."

யாரும் வரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து நிரந்தர ஆணை வந்தது. அதற்குள் டிரைவர் பழையபடி டியூட்டிக்கு வந்திருந்தார், பழையபடி பின்வாசலில் ஏறி உட்கார்ந்தார், பழையபடி டீ ரூமுக்கு வரவில்லை. ஆணையை வாங்கிக்கொண்டவர் அக்காவிடம் வந்து நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும், இடையில் ஒரு நாள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் டீ ரூம் பலகையைக் கழற்றி, குறைப் புத்தகம் இருக்கும் மேஜைக்கு நேர் மேலே கொண்டுவந்து மாட்டியிருந்தார்.

ஆணை வந்த மறுநாள், பகல் ஷிஃப்ட் முடிகிற நேரம். டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து எழுதிவிட்டுப் போனார்கள். புது டிரைவரும் வந்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். அக்கா சாவிகளை எண்ணுவதுபோலப் பாவனை செய்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் இருந்தார். அவர் எழுதிவிட்டு வாசல் வரை போனார், ஆனால் போகாமல் வாசலிலேயே நின்றார்.

அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். புதுக் கண்ணாடி இப்போது நன்றாகப் பழகியிருந்தது. 'மூன்றாம் வரிசை, இடது பக்கம், தரை ஒரு மாதிரி' என்று எழுதியிருந்தது.

"வாங்க" என்று சாவியை எடுத்தார்.

இந்தத் தடவை அக்கா கம்பியைப் பிடித்து நிற்கவில்லை. மூன்றாம் வரிசையில் இடது பக்கம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தரையில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத் தெருவில் ஒன்றும் தெரியவில்லை. மேம்பாலம் வந்ததும் டிரைவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்து, இந்தத் தடவை நன்றாகவே கேட்கும்படி, "பிடிச்சுக்கோங்க" என்றார். அக்கா பிடித்துக்கொண்டார். ஏற்றத்தில் வண்டி மூச்சுப் பிடித்து ஏறும்போது காலுக்குக் கீழே தரை லேசாகத் துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. ஆமாம், அவர் எழுதியது போலவே, ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.